அந்த 18 மணி நேரத்தை ஆபீஸுக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதே

அன்புள்ள நிலா,

கம்பெனி முதல் தடவையாக உனக்கு பிசினஸ் கிளாஸ் டிக்கெட் போட்டுத் தருகிறது, அதுவும் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நேராகப் போகிற ஃப்ளைட்டில், என்று நீ சொன்னபோது எனக்கும் அப்பாவுக்கும் அவ்வளவு சந்தோஷம். ஆனால் அடுத்த மூச்சிலேயே, "18 மணி நேரம் முழுசாகக் கிடைக்கிறதும்மா, வைஃபையும் ஃப்ரீ, ப்ரசன்டேஷன் மொத்தத்தையும் மேலேயே உட்கார்ந்து முடித்துவிடுவேன்" என்றாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. போனில் சொன்னால் "சரிம்மா சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நான் விமானப் பணிப்பெண்ணாக அந்த முன் கேபினில் நின்று பரிமாறிப் பல வருடம் வேலை பார்த்தவள். இறங்கும்போது வாடி வதங்கி இறங்குகிறவர்கள் யார் என்று ஏறின ஒரு மணி நேரத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். லேப்டாப்பை மூடாதவர்கள் ஒரு கூட்டம். இன்னொரு கூட்டம், கல்யாணப் பந்தியில் இலையில் விழுந்ததை எல்லாம் தின்றே எழுந்திருக்க வேண்டும் என்கிற மாதிரி, கொடுப்பது எதையும் விடாதவர்கள். ஷாம்பெயின், நாலு கோர்ஸ் சாப்பாடு, சீஸ், மறுபடி வைன், வரிசையாகப் படம். இரண்டு கூட்டமும் தூங்காது. உன் கம்பெனி இத்தனை பணம் கட்டுவது அங்கே ஒரு படுக்கை இருக்கிறது என்பதற்காக, மறுநாள் நீ தெளிவான தலையோடு மீட்டிங்கில் உட்கார வேண்டும் என்பதற்காக. அவர்கள் காசு போட்டிருக்கிறார்களே, வேலை செய்து கழிக்க வேண்டும் என்ற குற்ற உணர்ச்சி உனக்கு வேண்டவே வேண்டாம்.

இந்தப் படுக்கை சுலபமாக வந்ததில்லை, தெரியுமா? 1970களின் கடைசியில் பிசினஸ் கிளாஸ் என்று தனியாகப் பிரித்தபோது கிடைத்ததெல்லாம் கொஞ்சம் அகலமான சீட்டும் கொஞ்சம் நல்ல சாப்பாடும்தான். 2000இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் முழுசாகப் படுக்கிற மாதிரி சீட்டைக் கொண்டுவந்த பிறகுதான் மற்றவர்களும் மெல்ல மெல்ல மாறினார்கள். அதற்கு முன் எத்தனையோ பேர் பாதி சாய்ந்தபடி கழுத்து ஒரு பக்கமாகத் தொங்க ராத்திரி முழுக்கக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். நீ போகிற இந்த வழித்தடத்துக்கும் ஒரு கதை உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004இலேயே நியூயார்க் பக்கத்து நுவார்க்குக்கு நேராகப் பறக்க ஆரம்பித்து, 2008இல் விமானம் முழுவதையும் 100 பிசினஸ் சீட்டாக மாற்றிப் பார்த்து, எண்ணெய்ச் செலவு கட்டாமல் 2013இல் நிறுத்திவிட்டார்கள். 2018இல்தான் மிக நீண்ட தூரம் பறப்பதற்கென்றே செய்த ஏ350 யூஎல்ஆர் விமானத்தோடு மறுபடி தொடங்கினார்கள், நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்கு 2020இல். அந்த விமானத்தில் எகானமியே கிடையாது. 67 பிசினஸ், 94 ப்ரீமியம் எகானமி, அவ்வளவுதான். 15,000 கிலோமீட்டருக்கும் மேல், 18 மணி நேரத்தைத் தாண்டும். நீ திருச்சிக்கு வரும் நாலு மணி நேர ஃப்ளைட் மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து கழிக்கிற தூரம் இல்லை இது. எப்படிக் கழிக்கப் போகிறாய் என்று முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும்.

கணக்கைப் பார். ராத்திரி 12க்குக் கொஞ்சம் முன்னால் சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்டில் கிளம்புகிறாய், காலை 6 மணி வாக்கில் நியூயார்க்கில் இறங்குகிறாய். காலண்டரில் பார்த்தால் ஒரே ராத்திரி. உள்ளே நடப்பது வேறு. நடுவில் பசிபிக்கின் மேல் ஒரு குட்டிப் பகல் வந்து போய்விடும். இப்போது இரண்டு ஊருக்கும் 12 மணி நேர வித்தியாசம், அதாவது நீ இறங்கும்போது உன் உடம்புக்குச் சாயங்காலம் 6 மணி. நீ பாட்டுக்கு ஏறினவுடன் எட்டு மணி நேரம் தூங்கிவிட்டு மீதி நேரம் விழித்திருந்து இறங்கினால், அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உன் உடம்பு நடுராத்திரி என்று சொல்லும். மீட்டிங்கில் கண் சொருகும்.

அதனால் தூக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள். ராத்திரிச் சாப்பாட்டை வீட்டிலேயோ லவுஞ்சிலேயோ 8 மணிக்கெல்லாம் முடித்துவிடு. ஏறினதும், "எனக்குச் சாப்பாடு அப்புறம் போதும், சீட்பெல்ட் விளக்கு அணைந்ததும் படுக்கை போட்டுத் தர முடியுமா" என்று க்ரூவிடம் சொல்லிவிடு. ஐந்தாறு மணி நேரம் தூங்கு. எழுந்திருக்கும்போது நியூயார்க்கில் சாயங்காலம் ஆகியிருக்கும். அப்போது சாப்பிடு, நட, ஒரு படம் பார், அந்த ப்ரசன்டேஷனையும் பார்த்துக்கொள், ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அப்புறம் நியூயார்க்கில் 11 மணி அடிக்கும்போது மறுபடி படுத்து இன்னொரு நாலு மணி நேரம். இந்த இரண்டாவது தூக்கம்தான் உன்னை அடுத்த நாள் முழுக்கத் தாங்கப் போகிறது, பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ஏறினதிலிருந்தே நியூயார்க் நேரப்படி இருக்க வேண்டும், முதலில் தூங்கவே கூடாது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாள் முழுக்க ஆபீஸில் உழைத்துவிட்டு நடுராத்திரி ஏறுகிற உடம்பை எப்படி விழித்திருக்க வைப்பது?

அந்தப் படுக்கை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த விமானத்தில் பட்டனை அழுத்தினால் சீட் முழுசாகப் படுக்கையாகிவிடாது. எழுந்து நின்று, சீட்டின் முதுகுப் பகுதியை முன்பக்கமாக மடக்கிக் கவிழ்க்க வேண்டும், படுக்கை அதன் பின்பக்கத்தில் இருக்கிறது. கால் வைக்கிற பொந்து ஓரமாக இருப்பதால் கொஞ்சம் குறுக்காகத்தான் படுக்க வேண்டியிருக்கும். தெரியாதவர்கள் பாதி சாய்த்த சீட்டிலேயே ராத்திரியை ஓட்டிவிடுவார்கள், கேட்கக் கூச்சம். நம் ஊர்க்காரர்களிடம் இந்தக் கூச்சத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை சென்னையிலிருந்து ஏறிய பெரியவர் ஒருவர், மகன் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தார், ஷூவைக்கூடக் கழற்றாமல் நிமிர்ந்து உட்கார்ந்தே இருந்தார். தலையணை வேண்டுமா ஐயா என்று தமிழில் கேட்ட பிறகுதான், "இதை எப்படிம்மா சாய்க்கிறது" என்று மெதுவாகக் கேட்டார். பத்தே நிமிடத்தில் தூங்கிப்போனார். உன் பக்கத்தில் அப்படி யாராவது இருந்தால் நீயே சொல்லிக் கொடு. உனக்கு ஏதாவது வேண்டுமென்றாலும் கூப்பிட்டுக் கேள், அதற்குத்தான் அந்தப் பட்டன் இருக்கிறது. கூச்சப்படாமல் கேட்பது வேறு, விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவது வேறு. நீ இரண்டாவதைச் செய்யமாட்டாய் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் ஒரு க்ரூவின் மகள் என்பதால் சொல்லிவைக்கிறேன். அவர்கள் சட்டையில் பெயர் இருக்கும், பெயர் சொல்லிப் பேசு.

படுக்கும்போது பெல்ட்டைப் போர்வைக்கு மேலே போட்டுக்கொள். உள்ளே போட்டால், விமானம் குலுங்கும்போது பெல்ட் போட்டிருக்கிறாயா என்று பார்க்க உன்னை எழுப்பத்தான் செய்வார்கள், வேறு வழியில்லை. போன் சீட் இடுக்கில் விழுந்துவிட்டால் நீயாகத் தேடுகிறேன் என்று சீட்டை அசைக்கவே கூடாது. பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும், இது நிஜமாகவே நடக்கிற விஷயம். அசையாமல் இருந்து க்ரூவைக் கூப்பிடு. பவர் பேங்க்கை 2025 ஏப்ரலிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் விமானத்துக்குள் பயன்படுத்த விடுவதில்லை, அதனால் ஒயரை எடுத்துப்போய் சீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், மெனுவிலிருந்து பிடித்ததைத் தேர்ந்தெடுக்கிற வசதியும் உண்டு, இரண்டுக்குமே குறைந்தது 24 மணி நேரம் முன்னால் பதிவு செய்ய வேண்டும். மேலே நாக்கு மந்தமாகிவிடும். காற்று அவ்வளவு வறட்சி, காதுக்குள் இரைச்சல் வேறு. உப்பும் இனிப்பும் குறைவாகத்தான் தெரியும், புளிப்பும் மசாலாவும்தான் தாக்குப்பிடிக்கும். விமானத்தில் மட்டும் தக்காளி ஜூஸ் ஏன் இவ்வளவு போகிறது என்று லுஃப்தான்சாக்காரர்கள் ஜெர்மனியில் ஃப்ரௌன்ஹோஃபர் ஆய்வுக்கூடத்திடம் சொல்லி ஆராய்ந்தே பார்த்தார்கள், கீழே சுவைக்காதது அங்கே நன்றாக இருக்கிறது. அதனால் க்ரீம் போட்ட பாஸ்தாவைவிட நம் ஊர்க் குழம்பு வகை எவ்வளவோ மேல். ஆனால் கொஞ்சமாகச் சாப்பிடு. கேபினுக்குள் காற்றழுத்தம் கிட்டத்தட்ட 6,000 அடி மலைமேல் இருக்கிற அளவுதான், கொடைக்கானலுக்கும் கொஞ்சம் கீழே. வயிற்றுக்குள் இருக்கிற வாயு விரியும். கொண்டைக்கடலை, கோக் இரண்டையும் அன்றைக்கு விட்டுவிடு. காபியை முதல் விழிப்போடு நிறுத்திக்கொள், இல்லையென்றால் இரண்டாவது தூக்கம் போச்சு.

அப்புறம், வைன். நீ ஒரு கிளாஸ் எடுத்துக்கொள்வாய் என்று தெரியும், நான் அதற்காகச் சண்டை போடவில்லை. ஆனால் குடித்துவிட்டுத் தூங்குவதுதான் அங்கே பிரச்சினை. ஜெர்மனி விண்வெளி மையத்து ஆட்கள் இதைச் சோதித்து 2024இல் வெளியிட்டார்கள். உன் வயதுக்காரர்கள், நோய்நொடி இல்லாதவர்கள், இரண்டு கிளாஸ் வைன் அளவுக்குக் குடித்துவிட்டு விமானத்தில் இருக்கிற மாதிரி குறைந்த அழுத்தத்தில் தூங்கியபோது, ரத்தத்தில் ஆக்ஸிஜன் 85 சதவீத அளவுக்கு இறங்கியது, இதயத் துடிப்பு தூக்கத்திலேயே நிமிடத்துக்கு 88 அளவுக்கு ஏறியது. அது தூக்கமே இல்லை. நடுவில் விழித்திருக்கும் நேரத்தில் சாப்பாட்டோடு வேண்டுமானால் ஒரு கிளாஸ் எடுத்துக்கொள், படுப்பதற்கு முன் தண்ணீர் மட்டும்.

எனக்கு உண்மையிலேயே கவலை உன் கால்தான். பெரிய சீட், நீட்டிப் படுக்கிறோம், ரத்தம் கட்டாது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கட்டும். அசையாமல் கிடப்பதுதான் காரணம், எந்த கிளாஸில் உட்காருகிறாய் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது, நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் ஆபத்து இரண்டு மடங்காகும், 6,000 பேரில் ஒருவருக்கு வரலாம் என்று. குறைவுதான். ஆனால் நீ ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறாய், அது இந்த ஆபத்தை இன்னும் கூட்டும். கிளம்புவதற்கு முன் உன் டாக்டரிடம் இந்த ஃப்ளைட்டைப் பற்றிச் சொல்லி, இறுக்கமான சாக்ஸ் போட வேண்டுமா என்று கேள். இதை மட்டும் தள்ளிப்போடாதே. விழித்திருக்கும் நேரத்தில் ஒரு மணிக்கு ஒரு தடவையாவது எழுந்து கேபினின் கடைசி வரை நட. க்ரூ சாப்பாடு தயார் செய்கிற கேலி (galley) பக்கம் போய் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கு, யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள், க்ரூவும் அதையேதான் செய்கிறார்கள். இறங்கிய பிறகு ஒரு கால் மட்டும் வீங்கினாலோ கெண்டைக்கால் வலித்தாலோ, மீட்டிங்கை விட்டுவிட்டு டாக்டரிடம் போ.

கான்டாக்ட் லென்ஸை ஏறுவதற்கு முன்பே கழற்றிவிடு. மாற்றுவதற்கு ஒரு பருத்திப் பேன்டும் பழைய டீஷர்ட்டும் எடுத்துப்போ. இறங்க ஆரம்பிக்கும்போது விழித்திரு, தூக்கத்தில் எச்சில் விழுங்காமல் காது அடைத்துக்கொள்ளும், உனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தத் தொல்லை உண்டு.

மீதி நேரம்? ஒன்றும் செய்யாமல் இரு. இதைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும், எனக்குத் தெரியும். ஆனால் இந்த நாலைந்து வருடமாக நீ போனை வைத்துவிட்டு உட்கார்ந்து நான் பார்க்கவில்லை, பொங்கலுக்கு வந்தபோதுகூட. மெசேஜுக்கு உடனே பதில் சொல்லாவிட்டால் "ஃப்ளைட்டில் இருந்தேன்" என்று சொல்கிற ஒரே இடம் அதுதான், அந்தச் சாக்கை நீயே வைஃபை போட்டுக் கெடுத்துக்கொள்ளாதே. மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஜப்பான் தாண்டுவதையும் தேதிக்கோடு தாண்டுவதையும் பார். பாதி படித்து வைத்த அந்த நாவலை எடுத்துப்போ. நாலு படம் பார்க்காதே, ஒன்று போதும். எங்களுக்குக்கூட மேலேயிருந்து மெசேஜ் போட வேண்டாம், இறங்கியதும் ஒரு வரி போட்டால் போதும்.

நியூயார்க்கில் காலை 6 மணிக்கு இறங்கினாலும் பெரும்பாலான ஹோட்டல்களில் மத்தியானத்துக்குப் பிறகுதான் ரூம் கிடைக்கும். சீக்கிரம் தருவார்களா என்று இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள். முதல் நாள் 9 மணி மீட்டிங்குக்கு ஒத்துக்கொள்ளாதே, 11 மணி என்று சொல்லு, கொடுப்பார்கள். நடுவில் கிடைக்கிற நேரத்தில் வெளியே வெயிலில் நட.

இன்னும் சீட் எடுக்கவில்லை என்றால் ஜன்னலோரச் சீட்டாக, கேலிக்கும் டாய்லெட்டுக்கும் தள்ளி இருப்பதாகப் பார்த்து எடு, விளக்கும் பேச்சுச் சத்தமும் அங்கே ராத்திரி முழுக்க இருக்கும். எடுத்ததும் நம்பரை அனுப்பு, நல்ல இடமா என்று நான் பார்த்துச் சொல்கிறேன். டாக்டரிடம் பேசிவிட்டு என்ன சொன்னார் என்று அன்றைக்கே எனக்கு போன் பண்ணு.

அம்மா