வேர்தான் முதலில்

மல்லேஸ்வரம், பெங்களூர்

அன்புள்ள மாரி,

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததில் நிம்மதி. இங்கே அனைவரும் நலம். பார்வதி அக்கா இன்னும் அந்த வெண்கலப் பானையைக் கேட்கிறாள்; நீயே பதில் சொல்லிக்கொள்.

மார்கழி பிறந்ததும் இந்த ஊர்ச் சந்தையெல்லாம் மொச்சை வாசம். காய்ந்த கொட்டைகள் சிலவற்றைக் கண்ணாடித் தம்ளருக்கும் ஈரத் துணிக்கும் நடுவே செருகி, அலமாரி இருட்டில் வைத்தேன். நீரைக் குடித்ததும் தோல் முதலில் சுருங்கியது, பிறகு விறைத்தது. அந்த வெள்ளைத் தழும்பின் ஓரத்தில் தோல் கிழிந்து ஒரு முனை வந்தது பார், அது இலையும் இல்லை, தண்டும் இல்லை, வேர்! பருப்பிலுள்ள சேமிப்பு தீர்வதற்குள் மண்ணைப் பிடித்து நீரை உறிஞ்சியாக வேண்டுமே.

ஒரு கொட்டை தலைகீழாக இருந்தது. அதன் வேர் சற்றே மேலே போய், வளைந்து கீழே இறங்கியது. தம்ளரைப் படுக்க வைத்தேன். மாலைக்குள் மறுபடியும் கீழே திரும்பிவிட்டது. இருட்டில் திசை சொன்னது யார்? வேர் நுனியின் உறைக்குள் மாவுமணிகள் இருக்கின்றன. எப்படிப் புரட்டினாலும் அவை அடிப்பக்கம் போய்ப் படியும். ஆக்சின் என்ற வளர்ச்சிச் சுரப்பும் அந்தப் பக்கமே சேர்ந்து அங்கே வளர்ச்சியை மட்டுப்படுத்தும். மேல்பக்கம் நீளும், வேர் வளையும். 1806-இலேயே தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்பவர் நீரால் சுழலும் சக்கரத்தில் விதைகளைக் கட்டிப் பார்த்தார். சுழற்சி தள்ளும் பக்கத்தையே கீழென்று எடுத்துக்கொண்டு, வேர்கள் வெளிப்பக்கமும் தளிர்கள் நடுவை நோக்கியும் வளர்ந்தன. படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உன் பாகல் விதை அழுகியதற்குக் கடைக்காரனைத் திட்டாதே. விதையும் மூச்சு விடுகிறது. நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தால் காற்றில்லாமல் செத்துப்போகும். ஓர் இரவு ஊறவை, நீரை வடி, ஈரத் துணியில் முடிந்து வை. விடுதியில் கொள்ளு ஊறவைத்து அறையையே நாறடித்தவனுக்கு நான் சொல்ல வேண்டுமா?

ஆனால் நீ கடைசியில் எழுதியிருந்த செய்திதான் மனத்தை அறுக்கிறது. முளைப்பாரிக்கு வளர்ந்த நாற்றை விலைக்கு வாங்கிவிடலாம் என்கிறார்களா? விடாதே, மாரி. உங்கள் தெருப் பெண்கள் நவதானியம் தூவி, ஓலைக் கூடையை இருட்டறையில் வைத்துக் காத்திருந்ததை நாம் கதவிடுக்கில் பார்த்திருக்கிறோம். இப்போதுள்ள பிள்ளைகளுக்கும் அது கிடைக்கட்டும். ஆளுக்கொரு கண்ணாடித் தம்ளரும் நாலு மொச்சையும் கொடு. வேர் வளைவதைப் பார்த்தபின் அவர்களே கூடையைக் கேட்பார்கள். கூட்டத்தில் பேச ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். தேதியை எழுது.

உன்,
சங்கரன்