செயலாளரின் ஆண்டறிக்கை: வலசைக் குருவிகளின் நிறமும் அளவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் கோத்தகிரி வட்டார உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சந்தா நிலுவையையும் வரவு செலவையும் பொருளாளர் தனியே படிப்பதால், இவ்வறிக்கையில் நம் பதிவேட்டைப் பற்றி மட்டும் கூற விரும்புகிறேன்.

லாங்வுட் சோலையிலும் தேயிலைத் தோட்ட ஓரங்களிலும் குளிர்காலத்தில் கண்ட பறவைகளை இதுவரை பெயரும் எண்ணிக்கையுமாகவே எழுதிவந்தோம். ஒரே பெயர் கொண்ட குருவிகள் பிறந்த நாட்டுக்கேற்ப நிறம் மாறுகின்றன என்று தெரிந்தும் அதைக் குறிக்காமல் விட்டது பெரும்பாலும் என் தவறு.

டிசம்பரில் ஒரு காலை, வேலிக்கம்பியில் அமர்ந்து வெட்டுக்கிளியைக் காலால் பற்றிப் பிய்த்துக்கொண்டிருந்த பழுப்புக் கீச்சானை நால்வர் நெடுநேரம் பார்த்தோம். கண்ணின் மேல் கறுப்புப் பட்டையும் அதற்குமேல் வெண்புருவமும் செம்பழுப்பு உச்சந்தலையும் தெளிவாகத் தெரிந்ததால், சைபீரியப் பக்கத்து வகை என்று குறித்தோம். கிழக்குச் சீனா, கொரியாப் பக்கத்தில் பிறக்கும் கீச்சானுக்கு உச்சந்தலை சாம்பல் நிறமாக இருக்கும். ஆனால் விலாவில் மெல்லிய பிறைவரிகள் தெரிந்தால் அதை நாட்டு வேறுபாடாகக் கொள்ளக்கூடாது. இளம்பறவைக்கும் பெட்டைக்கும் அவ்வரிகள் இயல்பானவை.

பச்சைக் கதிர்க்குருவி இதைவிடக் கடினமானது. திபெத்தியப் பீடபூமியைச் சுற்றி வாழும் இவ்வினத்தில் மேற்குச் சைபீரியப் பறவைகளுக்கு இறக்கையில் ஒரு வெளிர்பட்டையும், கிழக்குச் சைபீரியப் பறவைகளுக்கு இரண்டும் இருப்பது வழக்கம். நம் மலைக்குப் பெரிதும் வருவது ஒற்றைப்பட்டைக் குருவியே. காக்கசஸ் பக்கத்திலிருந்து வரும் நெருங்கிய உறவுக் குருவிக்கோ அடிப்பாகம் நல்ல மஞ்சள். சிறகு தேயத் தேயப் பட்டை மங்கிவிடும் என்பதால், பார்த்த மாதத்தை எழுதாத குறிப்பால் பயன் குறைவு.

குளிர்நாட்டுப் பறவைகள் பொதுவாக உடல் பெருத்திருக்கும் என்று 1847இல் ஜெர்மானிய உயிரியலாளர் பெர்க்மன் கூறினார். எனினும் அளவைக் கண்மதிப்பாக எழுதவேண்டாம் என உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளின் காலில் அடையாள வளையமிடும்போது செய்ததைப்போல, முறையான அனுமதியோடு பறவையைக் கையிலெடுத்து இறக்கையை அளந்தால்தான் அது அளவாகும்.

ஆகவே வரும் செப்டம்பர் முதல் பதிவேட்டில் உச்சந்தலை நிறம், இறக்கைப் பட்டை, அடிப்பாக நிறம், பார்த்த தேதி ஆகிய நான்கு பத்திகளைச் சேர்க்கவும், சங்கத்துக்கு மேலும் ஓர் இருகண் தொலைநோக்கி வாங்கவும் பொதுக்குழு ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்