மிகிந்தலை கல்விச் சுற்றுலா: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

தரம் 9, 10 மாணவர்களின் இவ்வருடக் கல்விச் சுற்றுலா அநுராதபுரத்துக்கு அருகிலுள்ள மிகிந்தலை மலைக்கு. வரும் 14ஆந் திகதி சனிக்கிழமை காலை 6 மணிக்குப் பாடசாலை வாசலிலிருந்து பஸ் புறப்படும். கண்டி வீதியால் போய்வரும்போது நாங்கள் எல்லோரும் யன்னலால் பார்த்த மலைதான். இறங்கி ஏறிப் பார்த்தவர்கள்தான் குறைவு.

"ஏன் பன்சலைக்கு (பௌத்த விகாரைக்கு) கூட்டிப் போகிறீர்கள்?" என்று சிலர் கேட்டீர்கள். நேராகவே பதில் சொல்கிறேன். போவது வரலாற்றுப் பாடத்துக்காக. அங்கே கைகூப்புவதும் விடுவதும் பிள்ளையின் விருப்பம். கும்பிட வந்தவர்களுக்கு இடைஞ்சல் கொடுக்காமல் நடப்பது மட்டும் கட்டாயம். பௌர்ணமிப் போயா நாளைத் தவிர்த்திருக்கிறோம். யூன் மாதப் பொசன் போயா காலத்துச் சனத்துக்குள் ஒன்றையும் நின்று பார்க்க இயலாது.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் மான் வேட்டைக்கு வந்த மன்னன் தேவநம்பிய தீசன், அசோகனின் மகனான பௌத்த துறவி மகிந்த தேரரை இந்த மலையில் சந்தித்தான் என்பது மகாவம்சக் கதை. தேரர் மன்னனின் புத்தியைச் சோதித்த விதம் சுவையானது. இது என்ன மரம்? மாமரம். வேறு மாமரங்கள் உண்டா? நிறைய உண்டு. மாமரம் அல்லாத மரங்கள்? அவையும் உண்டு. அந்த மாமரங்களையும் மற்ற மரங்களையும் விட்டால் வேறு மரம் உண்டா? மன்னன் சொன்ன விடையை நான் எழுதப் போவதில்லை. இன்றிரவு பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.

மிகிந்தலை என்றவுடன் எல்லோரும் சொல்வது 1840 கருங்கற் படிகளையும் உச்சியிலுள்ள வெள்ளைத் தாதுகோபத்தையும்தான். அவற்றையும் பார்ப்போம். ஆனால் நாங்கள் கூடுதல் நேரம் ஒதுக்கியிருப்பது கீழே கிடக்கும் இடிபாடுகளுக்கு. மலையடிவாரத்தில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு வைத்தியசாலையின் அத்திவாரம் இருக்கிறது. நடுவில் முற்றம், சுற்றிவர நோயாளர் அறைகள். ஆள் படுக்கும் அளவுக்கு, மனித உடலின் வடிவிலேயே குடைந்த கல் தொட்டி ஒன்றும் உண்டு. நோயாளியை மருந்தெண்ணெயில் கிடத்துவதற்கு. மேலே போனால் தானசாலை. அங்கே சோறு போட்டு வைத்த கல் தொட்டியின் நீளத்தைப் பார்த்தாலே எத்தனை பிக்குகள் அங்கு சாப்பிட்டிருப்பார்கள் என்று பிள்ளைகள் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள்.

அதற்கருகில் நிற்கும் இரண்டு கற்பலகைகள் 10ஆம் நூற்றாண்டில் நான்காம் மகிந்த மன்னன் பொறிப்பித்தவை. மடத்தின் நிர்வாகம் முழுவதும் அவற்றில் இருக்கிறது: பிக்குகளின் நாளாந்த ஒழுங்கு, வேலையாட்களுக்கு உரிய கொடுப்பனவு, அன்றாடச் செலவைப் பதிவேட்டில் எழுதி, ஆண்டு முடிவில் கணக்கைச் சங்கத்தார் முன் வைக்க வேண்டும் என்ற விதி. கணக்கீட்டுப் பாடம் சலிப்பு என்று சொல்லும் தரம் 10 பிள்ளைகளை அந்தக் கல்லுக்கு முன்னால் நிறுத்த வேண்டும் என்பது என் ஆசை. (பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினரும் பார்த்தால் நல்லது.)

அநுராதபுரத்துக்கு இம்முறை போகவில்லை. தமிழ் இல்லறத்தார் கூடி அமைத்த மேடை பற்றிய பிராமிக் கல்வெட்டு அங்கேதான் உள்ளது. ஆனால் ஒரே நாளில் இரண்டையும் பார்க்க வெளிக்கிட்டால் இரண்டையும் ஓடி ஓடித்தான் பார்க்க வேண்டிவரும்.

பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் வரட்டும். மேல் மலுவில் (மேல் முற்றத்தில்) சப்பாத்தும் தொப்பியும் கழற்ற வேண்டும். பதினொரு மணிக்குப் பிறகு கல் காலைச் சுடும், ஆகவே தடித்த காலுறை ஒரு சோடி கொடுத்துவிடுங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது. இதை நாங்களும் சொல்வோம், வீட்டிலும் ஒருமுறை சொல்லுங்கள். சாப்பாட்டுப் பொதியைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தால் குரங்கு பறித்துவிடும், பைக்குள் இருக்கட்டும். ஆராதனா கல் என்ற செங்குத்துப் பாறையில் கம்பி பிடித்துத்தான் ஏற வேண்டும். ஆசிரியர் துணையில்லாமல் எவரையும் விடமாட்டோம். ஆஸ்துமா, இதய நோய் உள்ள பிள்ளைகள் இருந்தால் மறைக்காமல் படிவத்தில் எழுதுங்கள். தானசாலைப் பக்கம் வரை வாகனம் போகும், அவர்களை அப்படிக் கூட்டிப் போகலாம்.

எங்கள் சிங்களப் பாட ஆசிரியரும் வருகிறார். அங்குள்ளவர்களிடம் வழி கேட்பதும் கடையில் பேசுவதும் பிள்ளைகளின் பொறுப்பு; ஆசிரியர் பக்கத்தில் மட்டும் நிற்பார்.

பணம் கட்டுவது சிரமம் என்றால் என்னிடம் தனியே சொல்லுங்கள். அந்தக் காரணத்துக்காக ஒரு பிள்ளையும் வீட்டில் நிற்க வேண்டாம். கையொப்பமிட்ட சம்மதப் படிவம் வெள்ளிக்கிழமைக்கு முன் வகுப்பாசிரியரிடம் வந்துசேர வேண்டும். மாலை 6 மணிக்குத் திரும்பிவிடுவோம். பிந்தினால் வகுப்பாசிரியர் தொலைபேசியில் அறிவிப்பார்.

இப்படிக்கு,
அதிபர்