மந்தகாலப் பணம் ரேஷன் அட்டை வழியாக வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பொருளாதாரம் சுணங்கும்போதெல்லாம் அரசு எத்தனை லட்சம் கோடி இறக்க வேண்டும் என்று விவாதம் நடக்கிறது. அந்தப் பணம் எந்த வழியாக, எவ்வளவு சீக்கிரம், யார் கைக்குப் போகிறது என்று பேசுபவர்கள் குறைவு. 2020, 2021 இரண்டு ஊரடங்கிலும் குமாரபாளையத்தில் நியாயவிலைக் கடை விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கவுண்டருக்கு உள்ளே நின்று பார்த்ததை எழுதுகிறேன்.

2020 மே மாதம் மத்திய அரசு 20 லட்சம் கோடி ரூபாய்த் தொகுப்பை அறிவித்தது. அதில் பெரும்பகுதி கடன், கடனுக்கு உத்தரவாதம், ரிசர்வ் வங்கி ஏற்கெனவே வங்கிகளுக்குத் திறந்துவிட்ட பணம். சிறுதொழிலுக்கான 3 லட்சம் கோடி உத்தரவாதத் திட்டத்தில், பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். அதாவது ஏற்கெனவே தொழில் கடன் வாங்கியிருந்தவருக்குத்தான். எங்கள் ஊரில் நாலு தறி, ஆறு தறி வைத்துக் கூலிக்கு நெய்பவர்கள் பலர் நகையை அடகு வைத்தோ, வெளியில் வட்டிக்கு வாங்கியோ தறி போட்டவர்கள். அவர்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. கடன் கிடைத்தவருக்கும் பாவு நூல் கொடுக்க ஜவுளிக்காரர் வரவில்லை என்றால் தறி எப்படி ஓடும்? பல பட்டறைகள் மூடாமல் தாக்குப்பிடிக்க அந்தக் கடன் உதவியது உண்மை. ஆனால் துணி வாங்க ஆளைக் கொண்டுவர அதனால் முடியவில்லை. 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 22 சதவீதமாகக் குறைத்து, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாயை விட்டுக்கொடுத்தபோதும் இதே குறைதான். சரக்கு விற்காத நேரத்தில் வரி குறைந்தால் லாபம் கூடும். புதிதாக ஆள் எடுக்க யாருக்கு அவசரம்?

இன்னொரு பக்கம், 2020 மார்ச் 24 அன்று மாநில அரசு அரிசி அட்டைக்கு அறிவித்த 1,000 ரூபாய் ஏப்ரல் முதல் வாரமே எங்கள் கைக்கு வந்துவிட்டது. விண்ணப்பம் இல்லை, வருமானச் சான்று இல்லை. நாள், நேரம் போட்டு வீடு வீடாக டோக்கன் கொடுத்தோம். 2021 மே, ஜூன் மாதங்களில் இரண்டாயிரம் இரண்டாயிரமாக 4,000 ரூபாய் கொடுத்தபோதும் அதே வழி. மாநிலம் முழுக்க இரண்டு கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள்.

காசு கொடுத்தால் டாஸ்மாக் போய்விடும் என்று சொல்பவர்களுக்கு ஒன்று: 2020 ஏப்ரலிலும், 2021 இரண்டு தவணையின்போதும் எங்கள் பகுதியில் டாஸ்மாக் பூட்டிக் கிடந்தது. பணம் போனது கேஸ் சிலிண்டருக்கும் பாலுக்கும் பிள்ளைகளின் செல்போன் ரீசார்ஜுக்கும். பாதிப் பேர் நேராக எதிரே இருந்த மளிகைக் கடைக்குப் போய்ப் பழைய பாக்கியைக் குறைத்தார்கள். கடன் அடைப்பது செலவு ஆகாது என்று படித்தவர்கள் சொல்லலாம். அந்தப் பாக்கி வந்ததால்தான் அண்ணாச்சி ஈரோட்டிலிருந்து அடுத்த லோடு இறக்கினார்.

குறையும் சொல்ல வேண்டும். எல்லாம் அடைத்துக் கிடந்த ஏப்ரலில் 1,000 ரூபாய்; தறி மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு, தேர்தலுக்கு முந்தைய 2021 பொங்கலுக்கு 2,500 ரூபாய். வேண்டிய நேரத்தில் கொஞ்சம், ஓட்டு நேரத்தில் அதிகம். பீகார், ஒடிசாவிலிருந்து வந்து தறி ஓட்டிய பையன்களுக்கு இங்கே அட்டை இல்லை. அந்த 1,000 ரூபாயில் அவர்களுக்கு ஒரு பைசாகூட இல்லை. எந்த மாநில அட்டைக்கும் எங்கேயும் பொருள் தரும் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது 2020 அக்டோபரில்தான்.

இந்த நேரம் பார்த்துக் கொடுக்கும் கோளாறு இல்லாமல் இருந்தது நூறு நாள் வேலை. 2020-21இல் ஏழரைக் கோடிக் குடும்பங்கள் அதில் வேலை செய்தன, செலவு 1.11 லட்சம் கோடியைத் தாண்டியது. யாருக்குத் தேவை என்று டெல்லியில் யாரும் பட்டியல் போடவில்லை. தேவைப்பட்டவர் போய்க் கேட்டார். நிலைமை தேறியதும் வேறு வேலைக்குப் போனார். 2025 டிசம்பரில் வந்த புதிய சட்டம் நாட்களை 125 ஆக்கியது நல்லதுதான். ஆனால் மாநிலங்களின் பங்கை 40 சதவீதம் ஆக்கி, ஒதுக்கீட்டுக்கும் மத்திய அரசே வரம்பு வைத்து, அதற்கு மேல் ஆகும் செலவை மாநிலத்தின் தலையில் கட்டிவிட்டது. மந்தம் வந்தால் மாநிலத்தின் ஜி.எஸ்.டி. வருவாயும் கூடவே விழும், இஷ்டத்துக்குக் கடன் வாங்கவும் விட மாட்டார்கள். வேலை கேட்டு வரிசை நீளும் மாதத்தில்தான் கஜானா காலியாக இருக்கும். அந்த வரம்பை மந்தகாலத்திலாவது தளர்த்த வேண்டும்.

எங்கள் ஊர் நகராட்சி என்பதால் நூறு நாள் வேலையும் கிடையாது. 2020இல் மாநில அரசு அமைத்த ரங்கராஜன் குழு நகர்ப்புறத்துக்கும் அதுபோல ஒன்று வேண்டும் என்றது. மறு வருடம் 100 கோடி ரூபாயில் சோதனை முறையில் அறிவிப்பு வந்தது. தமிழ்நாட்டில் எத்தனை நகராட்சி, அதற்கு 100 கோடி எந்த மூலைக்கு?

மாநில அரசிடம் நான் கேட்பது, விதியை இப்போதே எழுதி வையுங்கள் என்பதுதான். ஜி.எஸ்.டி. வசூல் தொடர்ந்து இத்தனை மாதம் இறங்கினால் அட்டைக்கு இவ்வளவு, இரண்டு தவணை. வசூல் ஏறினால் நிறுத்தம். அறிவிப்பு மேடையும் படம் போட்ட பையும் தேவையில்லை. வெளிமாநிலத் தொழிலாளிக்கும் அட்டை எண்ணை வைத்தே கொடுக்க ஏற்பாடு வேண்டும். நகராட்சிகளில் சாக்கடை தூர்வாரும் வேலை, பள்ளிச் சுற்றுச்சுவர் வேலை என்று மதிப்பீடு போட்ட கோப்புகள் தயாராக இருக்கட்டும். ஊரடங்கு போட்ட பிறகு இன்ஜினியரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நியாயவிலைக் கடை விற்பனையாளர்,
குமாரபாளையம், நாமக்கல் மாவட்டம்.