திருப்பூர் கம்பெனி எச்.ஆர். அதிகாரிகளுக்கு, ஒரு ஓவர்லாக் டெய்லரிடமிருந்து

வணக்கமுங்க. இப்போதெல்லாம் எந்த யூனிட்டுக்குப் போனாலும் 'நாம் எல்லோரும் ஒரே டீம்' என்று சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள், காலை மீட்டிங்கிலும் அதே பேச்சுதான். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று பார்த்தீர்களா?

பழைய ஆங்கிலத்தில் டீம் என்றால் பிள்ளைகுட்டி, வம்சம். ஒரே நுகத்தில் பூட்டி இழுக்க வைக்கும் மாடுகளுக்கும் அதே பேர். வேரின் பொருளே இழுப்பதுதான்; கடிவாளத்துக்கு ஜெர்மன்காரர்கள் சொல்லும் வார்த்தையும் அந்த வேரிலிருந்து வந்ததே. சேர்ந்து வேலை செய்யும் மனிதர்களுக்கு இந்தப் பேர் ஒட்டியது 16ஆம் நூற்றாண்டு வாக்கில். சரி, மாடு என்றதில் எனக்கு வருத்தமில்லை, நான் காங்கேயம் பக்கத்துக்காரன்.

எங்கள் அப்பாரு ஏர் பூட்டும்போது, ஜோடியில் ஒன்று நோஞ்சானாக இருந்தால் ஏர்க்காலை நுகத்தடியின் நட்ட நடுவில் கட்ட மாட்டார். பலமான மாட்டின் பக்கம் நாலு விரற்கடை தள்ளிக் கட்டுவார். பாரத்தில் பெரும்பங்கு அதன் கழுத்துக்குப் போய்விடும், மெலிந்த மாடும் திணறாமல் கூடவே நடக்கும்.

உங்கள் லைனில் கதையே வேறு. நேற்றுவரை கைமடியாக (டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் உதவியாளாக) இருந்த பெண்ணை இன்று மிஷினில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் பல வருஷமாகத் தைக்கிறவருக்கும் அவளுக்கும் மணிக்கு ஒரே டார்கெட். ஒருத்தர் லீவு போட்டாலும் போர்டில் எழுதிய எண் குறையாது. ஷிப்மென்ட் வாரத்தில் ஒன்றரை ஷிப்ட் ஓட்டச் சொல்லும்போது டீம். பீஸ் ஆல்டர் ஆகி, அதாவது பிரித்துச் சரிசெய்யச் சொல்லித் திரும்பினால் மட்டும் 'யார் தைத்தது, பேரைச் சொல்' என்று ஆளைத் தனியாகப் பிரித்துவிடுகிறீர்கள். கட்டிங்கிலேயே அளவு மாறியிருந்தாலும் பழி தைத்தவன் மேல்தான், பிரித்துத் தைக்கும் நேரத்துக்குக் கூலியும் கிடையாது.

கொலீக் என்றும் சொல்கிறீர்கள் (கேட்க ஸ்டைலாகத்தான் இருக்கிறது). அது லத்தீன், கூடவே தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று பொருள். ரோமில் கான்சல் பதவியில் இரண்டு பேர் இருந்தார்கள், ஒருவர் போட்ட உத்தரவை மற்றவர் தடுக்கலாம். அவ்வளவு அதிகாரமெல்லாம் நாங்கள் கேட்கவில்லை. டார்கெட் போடும்போது சூப்பர்வைசரோடு எங்களில் இரண்டு பேரையும் உட்கார வையுங்கள், புதுசாக மிஷினுக்கு வந்தவர்களுக்கு முதல் மாசமாவது எண்ணைக் குறையுங்கள். அப்புறம், தப்பு கட்டிங்கில் என்று தெரிந்தால் ஆல்டர் கூலியைச் சனிக்கிழமைச் சம்பளத்தோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள், தீபாவளி போனஸோடு பார்க்கலாம் என்று தள்ளாமல்.