பழைய கார் சங்கம், மிச்சிகன்: செயலாளர் ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். மாசா மாசம் ரெண்டாவது சனிக்கிழமை கராஜ்ல கூடினோம், ஜனவரி மட்டும் பனியால தள்ளிப்போச்சு, ஆகஸ்ட்ல உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ்ங்கிற பழைய கார் ஊர்வலத்துக்கு எல்லாரும் குடும்பத்தோட போனோம், புளிசாதம் கட்டிட்டு வந்த வீடுகளுக்கு நன்றி. வரவு செலவை பொருளாளர் தனியா படிப்பாரு. மீதி நேரம் முழுக்க நான் கேம்ஷாஃப்ட் (சுருக்கமா கேம், லோப்ங்கிற மேடுகளால இன்ஜின் வால்வை திறந்து மூடுற தண்டு) பத்திதான் பேசப்போறேன், ஏன்னா இந்த வருஷம் நாம உருப்படியா கத்துக்கிட்டது அதுதான்.

மார்ச்ல கேன்டன்ல இருந்து வர்ற அண்ணன் ஸ்வாப் மீட்ல, அதாவது பழைய பார்ட்ஸ் சந்தையில, ஒரு செவி (செவ்ரோலெ) 327 கியூபிக் இன்ச் இன்ஜினை பிரிச்ச நிலையில வாங்கிட்டு வந்தாரு. வித்தவர் "இது டன்டாவ் 30-30 கேம்"னு சொல்லி அதுக்கு தனியா காசும் வாங்கியிருக்காரு. 30-30னா சும்மா இல்லைங்க, 64, 65 கார்வெட்ல 365, 375 குதிரைசக்தி 327லயும் அப்புறம் முதல் கமேரோ இசட்28ல வந்த 302லயும் போட்ட சாலிட் லிஃப்டர் கேம் (லிஃப்டர்னா லோப் மேல ஓடி வால்வை தள்ளுற துண்டு, சாலிட்னா கேப்பை நாமதான் வைக்கணும்), இன்டேக் எக்ஸாஸ்ட் ரெண்டுக்கும் வால்வ் கேப் 30 தௌ (ஒரு தௌ இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு) வைக்கணும், அதான் அந்த பேரு. அண்ணன் சாலிட் லிஃப்டரும் வாங்கிட்டாரு. பூட்டுறதுக்கு முன்னாடி ஒருதடவை அளந்துடலாமேன்னு கமிட்டில சொன்னோம்.

முதல்ல எல்லாரும் லோப்களுக்கு நடுவுல வார்ப்புல இருந்த எழுத்தைத்தான் பாத்தோம். சிடபிள்யூசின்னு இருந்துச்சு. நம்ம ஆளுங்கள்ல பாதிபேர் அதை கேம் கம்பெனி பேருன்னே நினைச்சுட்டு இருந்தோம். அது நம்ம மஸ்கீகன்ல இருந்த கேம்ப்பெல், வயன்ட் அன்ட் கேனன் வார்ப்பாலையோட முத்திரை. ஒரே வார்ப்புல இருந்து லோப்களை பல விதமா கிரைண்ட் பண்ணுவாங்க (தேய்ச்சு வடிவம் கொடுப்பாங்க), அதனால வார்ப்பு எழுத்தை வச்சு என்ன கேம்னு சொல்லவே முடியாது. வெளி கிரைண்டர்கள் பண்ண கேம்னா முனையில கிரைண்ட் நம்பர் குத்தியிருக்கும், மண்ணெண்ணெய் போட்டு துடைச்சு டார்ச்சை சாய்ச்சு அடிச்சு பாத்தா தெரியும். இதுல ஒண்ணுமே இல்லை.

அப்புறம் ரெண்டு வி-பிளாக்ல கேமை படுக்க வச்சு டயல் கேஜ் (நுண்ணிய உயரத்தை அளக்குற கருவி) ஊசியை முதல் லோப் மேல நிறுத்தி மெதுவா சுத்தினோம். கராஜ்ல சத்தமே இல்லை. ஊசி ஏறி ஏறி 0.298 இன்ச்ல நின்னுச்சு. 327 மாதிரி செவி ஸ்மால் பிளாக் இன்ஜின்ல லோப் அசைவை வால்வுக்கு கூட்டிக் கொடுக்குற ராக்கரோட விகிதம் 1.5, பெருக்குனா வால்வ் லிஃப்ட் (வால்வ் எவ்ளோ திறக்குதுங்கிறது) 0.447. 30-30க்கு 0.485 வரணும். அண்ணன் முகம் வாடிப்போச்சு, எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு.

லிஃப்டை மட்டும் வச்சு முடிவு பண்ணக்கூடாதுன்னு டிகிரி வீல் (டிகிரி குறிச்ச வட்டத் தகடு) மாட்டி, லோப் 50 தௌ ஏறினதுல இருந்து மறுபடி 50 தௌக்கு இறங்குற வரைக்கும் எத்தனை டிகிரின்னு எண்ணினோம். 111 வந்துச்சு. இவ்ளோ சின்ன கேமான்னு எல்லாரும் முழிச்சோம். ட்ராய்ல இருந்து வர்ற தம்பிதான், கேம் ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள கிராங்க் ரெண்டு சுத்து, வீலை கேம்ல மாட்டினா ரெண்டால பெருக்கணும்னு எடுத்துக் கொடுத்தான். 222. 30-30க்கு 254 வரணும். 0.447ம் 222ம் சேர்ந்து வந்தா அது எல்79 கேம், 65ல இருந்து 350 குதிரைசக்தி 327ல போட்டது, ஹைட்ராலிக் லிஃப்டர் (ஆயில் அழுத்தத்தால கேப்பை தானே சரிபண்ணிக்கிற லிஃப்டர்) கேம். அதுமேல சாலிட் லிஃப்டர் போட்டு 30 தௌ கேப் விட்டிருந்தா, அவ்ளோ கேப்பை மெதுவா எடுக்குற சரிவு அந்த லோப்ல கிடையாது, வால்வ் ட்ரெயின் (லிஃப்டர்ல இருந்து வால்வ் வரைக்கும் உள்ள பாகங்கள்) அடி வாங்கி வீணாயிருக்கும். என் கருத்து, தெருவுல ஓட்டுறதுக்கு எல்79தான் நல்ல கேம், அண்ணனும் இப்போ அதை ஒத்துக்கிறாரு.

ரெண்டாவது விஷயம் என்னோட சொந்த நஷ்டம். என் 56 செவி 265க்கு ஒரு கடையில கேம் வாங்கி பூட்டினேன், ஸ்டார்ட் பண்ணி வால்வ் கவரை கழட்டி பாத்தா ராக்கர் எல்லாம் காய்ஞ்சு கிடக்கு. 55, 56 பிளாக்ல மேல போற ஆயில் கேமோட பின்பக்க ஜர்னல்ல (பேரிங்குல சுத்துற பகுதியில) இருக்கிற காடி, அதாவது சின்ன பள்ளம், வழியாத்தான் போகும், 57ல இருந்து அந்த காடி தேவையில்லை, எனக்கு வந்தது காடி இல்லாத கேம். உடனே ஆஃப் பண்ணதால பெருசா ஒண்ணும் ஆகலை, ஆனா இன்ஜினை திரும்ப பிரிச்சேன். 65, 66 பிக் பிளாக் செவி வச்சிருக்கவங்களும் இதை பாத்துக்கோங்க, அதுக்கும் காடி வேணும்.

ஃபோர்ட் ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை. பார்ட் நம்பர் நடுவுல 6250 இருந்தா கேம்ஷாஃப்ட், முன்னாடி சி3ன்னு இருந்தா 1963ல வரைஞ்சது. 289 கேமும் 351 வின்ட்சர் கேமும் கலந்து கிடந்தா லோப் வரிசையை பாருங்க, ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் வெடிக்கிற வரிசை) வேற வேற.

சங்க காசுல டயல் கேஜும் காந்த ஸ்டாண்டும் வாங்கியாச்சு, டிகிரி வீல் ஒரு உறுப்பினர் கொடுத்தாரு, எல்லாம் கராஜ் இடதுபக்க அலமாரியில இருக்கு, எடுத்தா நோட்டுல எழுதிட்டு எடுங்க. அடுத்த கூட்டத்துக்கு அடையாளம் தெரியாத கேம் வச்சிருக்கவங்க ஆயில் தடவி துணியில சுத்தி கொண்டு வாங்க, பழைய லிஃப்டர் இருந்தா எந்த லோப்ல ஓடுச்சோ அந்த வரிசை கலையாம முட்டை ட்ரேல வச்சு கொண்டு வாங்க. சந்தா இன்னும் சிலபேர் பாக்கி, பொருளாளரை பாத்துடுங்க.

செயலாளர்