கட்டிலை மாற்றினால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பொலிவியாவின் மலைப்பகுதிப் பழங்குடிகளான அய்மாரா மக்களின் மருத்துவம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, மரபு மருத்துவத்தை அங்கீகரித்து 2013-இல் அங்கு வந்த சட்டத்தைப் பாராட்டியது சரிதான். ஆனால் எல்லாவற்றையும் 'நம்பிக்கைக்கு மதிப்பு' என்று சொல்லி முடித்துவிட்டது. பிரசவ அறைக்குள் அந்தச் சட்டம் என்ன ஆகிறது என்பதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அய்மாரா மக்கள் நிறைய வாழும் எல் ஆல்ட்டோ நகரம் 4,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஜூன், ஜூலை இரவுகளில் தண்ணீர் உறைந்துவிடும். பிள்ளை பெற்ற உடம்பில் குளிர் ஏறினால் நடுக்கமும் தலைவலியும் காய்ச்சலும் வரும் என்பது அய்மாரா மருத்துவம். இதற்கு சோப்ரெபார்த்தோ என்று பெயர். அதனால்தான் உசுயிரி எனப்படும் மருத்துவச்சி அறையைக் கதகதப்பாக வைத்து, சூடான மூலிகைக் கஷாயம் கொடுத்து, குந்தவோ மண்டியிடவோ வைத்துப் பிரசவம் பார்க்கிறார். பிறகு வயிற்றைத் துணிப்பட்டையால் இறுக்கிக் கட்டுகிறார். அதே பெண்ணை மருத்துவமனையில் மெல்லிய அங்கியோடு சில்லென்ற இரும்புக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, பச்சைத் தண்ணீரில் கழுவினால் அடுத்த பிரசவத்துக்கு ஏன் வரப்போகிறாள்? குந்திப் பெற வசதி செய்துவிட்டு ஒரு ஹீட்டர் வைக்காத அறையும் அவளுக்கு அந்நியம்தான்.

நஞ்சுக்கொடியைக் கழுவி வீட்டிலேயே புதைப்பது வழக்கம். அது குப்பைக்குப் போனால் தாய்க்கு நோய் வரும் என்று அஞ்சுகிறார்கள். மருத்துவமனை அதைக் கசியாத இரட்டைப் பையில் கட்டி, கையுறை போட்டுக் கையாளச் சொல்லி, குடும்பத்தாரிடம் கொடுத்துவிடலாம். செலவே இல்லை.

மரபுப் பக்கமும் கவனிக்க வேண்டியது உண்டு. குந்திய நிலையில் எவ்வளவு ரத்தம் போகிறது என்று கண்ணால் கணிப்பது கடினம். அடியில் அளவுப் பாத்திரம் வேண்டும். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள், ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடாசின் மருந்தை 10 யூனிட் தாயின் தசையில் போட இந்த நிலை தடையில்லை. ரத்தப்போக்கு 500 மில்லியைத் தாண்டினால் படுக்கவைத்தே தீர வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை சோப்ரெபார்த்தோதான். 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சலும் நடுக்கமும் கருப்பைத் தொற்றாகவும் இருக்கலாம். கஷாயத்தோடு வீட்டில் இரண்டு நாள் கடத்தினால் உயிருக்கே ஆபத்து. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டு மருத்துவர் சிரித்தால், அடுத்த முறை யாரும் அவரிடம் வாய் திறக்க மாட்டார்கள், தொற்றும் வெளியே தெரியாது. கேட்டதும் வெப்பமானியை எடுக்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனையிலும் இப்படித்தான். மனிதர் உடம்பின் கொழுப்பையும் ரத்தத்தையும் திருடுவதாகச் சொல்லப்படும் கரிசிரி என்ற உருவம் பற்றிய அச்சம் அங்கே ஆழமானது. எத்தனை மில்லி எடுக்கிறோம், எதற்கு எடுக்கிறோம் என்று அய்மாரா மொழியிலேயே சொல்லிவிட்டுத்தான் ஊசியைக் கையில் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி